மார்ச் கடைசி வரை செல்லும்

6 அக்டோபர் 2024, ஞாயிறு

என் வீட்டுக்காரர் ஊரான தாமலில் இருந்து இப்போதுதான் வந்தோம். மாமனார் இரண்டு முட்டியும் மாற்றிக்கொண்ட பிறகு இன்றுதான் முதல் முறையாகக் கோயிலுக்கு நடந்து போனார். பிடித்துக்கொள்ள யாரும் வேண்டியிருக்கவில்லை. அதற்காக மூத்தார் ராஜகோபால் பந்தல் போட்டு ஊருக்கே சாப்பாடு போட்டார். கட்சிக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்து, இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று பேசி அப்பாவுக்கும் பிள்ளைக்கும் மாலை போட்டார்.

ஆகஸ்டில் சென்னையில் ஆபரேஷன் நடந்தது. எங்களிடம் மூத்தார் எதுவும் கேட்கவில்லை. "என் கம்பெனி இன்சூரன்ஸ்ல மாமா பேரும் இருக்குதே, அதுல பண்ணலாமே" என்று நான் அப்போதே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் கார்டு நகலை எடுத்துக்கொண்டு போய் விசாரித்துவிட்டு வந்து, "வயசானவங்க முட்டிக்கெல்லாம் அதுல ஒண்ணும் பெருசா வராது. அண்ணனே பாத்துக்கறேன்னுட்டாரு" என்றார். எனக்கு அது உறுத்தலாகவே இருந்தது. இன்று எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மூத்தாரைக் கையெடுத்துக் கும்பிட்டு, "நாங்க ஒண்ணுமே செய்யல, எல்லாம் நீங்கதான்" என்றேன். "அது என் கடமைமா" என்றார். மாமனார் பக்கத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தார்.

ஓரகத்தி ரேவதிதான் அண்டா கழுவும்போது, "உன் கம்பெனி கார்டு ஒரு ஆத்திர அவசரத்துக்கு ஒதவல பாரு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. இவர் அங்கேயேதான் நின்றிருந்தார்.

22 அக்டோபர், செவ்வாய்

இந்த மாதமும் அப்படியே. ரத்தப்போக்கு நிற்கவே மாட்டேன் என்கிறது. கம்பெனி பஸ்ஸில், என்னோடு லைனில் வேலை செய்கிற உம்முசல்மா தன் துப்பட்டாவை எடுத்து என் சீட்டில் மடித்துப் போட்டாள். "டாக்டர பாரு வேணி. வயசு ஆவுது, நின்னுடும்னு சொல்லிக்கினே இருக்காத." பார்க்க வேண்டும்.

11 நவம்பர், திங்கள்

கேன்டீனில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டார்கள். கார்களுக்கு ஒயர் கட்டும் எங்கள் லைன் வேறு மாநிலத்துக்குப் போகிறது. இந்த மாதக் கடைசியோடு எங்களுக்கு வேலை இல்லை. பதினாலு வருடம். சின்னப் பெண்கள் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை.

ஹெச்.ஆரில் இருக்கும் வசந்த் நல்ல பையன். தனியாகக் கூப்பிட்டு விளக்கமாகச் சொன்னான். "இன்சூரன்ஸ் மட்டும் மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும் அப்டியே இருக்கும்கா. உங்களுக்கு, சார்க்கு, பாப்பாவுக்கு, மாமனாருக்கு, எல்லாருக்கும். அதுக்கு மேல வேணும்னா நீங்களே பணம் கட்டி உங்க பேர்ல தொடரலாம். ஆனா வேலைய விடுறப்பவே எழுதிக் குடுத்துடணும்."

வேலை போனதைவிட அந்த மார்ச் என்ற வார்த்தைதான் மனதில் நிற்கிறது. நாலு மாதம் இருக்கிறது. அதற்குள் என் உடம்பைப் பார்த்துக்கொள்ளலாம்.

30 நவம்பர், சனி

கடைசி நாள். தொடர்வதற்கு எழுதிக் கொடுக்கலாம் என்று நேற்றே இவரிடம் சொன்னேன். "வேலையே இல்ல, இதுல இன்சூரன்ஸுக்கு வேற தண்டம் அழணுமா? உனக்கு என்ன வந்துடப் போவுது?" என்றார். அதுவும் சரிதானே என்று விட்டுவிட்டேன்.

9 டிசம்பர், திங்கள்

ஸ்கேன் எடுத்தேன். கர்ப்பப்பையில் கட்டிகள். ஒன்று பெரியது. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: மாத்திரையில் கரையாது, எடுத்துவிடுவதுதான் நல்லது, ரத்தம் குறைந்துகொண்டே போகிறது, தள்ளிப் போடாதீர்கள். எனக்குப் பயம்தான். ஆனாலும் இன்சூரன்ஸ் இருக்கிற தைரியத்தில், "ஜனவரியில பண்ணிக்கலாமா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

இவரிடம் சொன்னேன். காந்தி ரோட்டுப் புடவைக் கடையில் நாளெல்லாம் பேசிப் பேசி விற்கிற மனிதர், ஒரு வார்த்தை பேசவில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். என் மேல் இவ்வளவு கவலையா என்று நினைத்தேன்.

27 டிசம்பர், வெள்ளி

"தை பொறக்கட்டும்" என்கிறார். மார்கழியில் ஆபரேஷன் வேண்டாமாம். இதற்கெல்லாம் நாள் பார்க்கிற ஆள் இல்லையே இவர்?

16 ஜனவரி 2025, வியாழன்

தை பிறந்துவிட்டது. இப்போது சித்த வைத்தியர் ஒருவர் இருக்கிறாராம், ஒரு மண்டலம் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்கிறார். ஒரு மண்டலம் என்றால் பிப்ரவரி முடிந்துவிடும். "மார்ச் வரைக்கும்தான் கார்டு செல்லும், தெரியுமில்ல?" என்றேன். "அதுக்குள்ள பாத்துக்கலாம், சும்மா அதயே சொல்லிக்கினு இருக்காத" என்று கத்தினார். பிறகு தானே போய் மருந்து வாங்கிவந்து பாலில் கலந்து கொடுத்தார். குடித்தேன்.

5 பிப்ரவரி, புதன்

ராஜாஜி மார்க்கெட்டில் விழுந்துவிட்டேன். கீரைக்காரம்மா முகத்தில் தண்ணீர் தெளித்து, தன் சாக்கை விரித்துப் படுக்க வைத்தாள். உம்முசல்மாவுக்குத்தான் போன் செய்தேன். இவருக்குச் செய்யத் தோன்றவில்லை, ஏன் என்று தெரியவில்லை. புடவையெல்லாம் ரத்தத்தில் நனைந்திருந்தது. அவள் தன் புர்காவை என் மேல் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தாள். "வெள்ளிக்கெழம நான் கூட்டிக்கினு போறேன். உன் வூட்டுக்காரரக் கேக்க வேணாம்" என்றாள்.

7 பிப்ரவரி, வெள்ளி

எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டுத் திங்கட்கிழமையே சேரச் சொன்னார். இன்சூரன்ஸ் கவுன்டரில் கார்டைக் கொடுத்தேன். பிரியதர்ஷினி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த சின்னப் பெண். தட்டிப் பார்த்தாள். மறுபடியும் தட்டினாள்.

"மேம், இதுல பேலன்ஸ் இல்லையே."

"மார்ச் வரைக்கும் இருக்குதுன்னு கம்பெனியில சொன்னாங்கமா."

"பாலிசி இருக்குது மேம். அதுல அமௌண்ட்தான் இல்ல. ஃபேமிலிக்கு சேத்து ஒரே லிமிட். அது ஃபுல்லா யூஸ் ஆயிடுச்சி."

"நாங்க யாருமே யூஸ் பண்ணலயே."

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துப் படித்தாள். "ஆகஸ்ட்ல. முனிசாமி, உங்க மாமனார். ரெண்டு முட்டியும்."

"இல்லமா, அது எங்க மூத்தார் கட்டினது" என்று நான் அந்தப் பெண்ணுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அப்பாவை எப்படிப் பார்த்துக்கொண்டார், ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்றெல்லாம். எதற்கு அவளிடம் சொன்னேன்? அவள் சங்கடமாக, "ஓ.டி.பி. உங்க நம்பருக்குத்தான் வந்திருக்குது மேம்" என்றாள்.

ஆகஸ்டில் ஸ்கிரீன் மாற்றுகிறேன் என்று இவர் என் போனை இரண்டு நாள் வாங்கி வைத்திருந்தார். திருப்பிக் கொடுத்தபோது அதே கீறல் இருந்தது. கடைக்காரன் ஏமாத்திட்டான் என்றார். நானும் அந்தக் கடைக்காரனைத் திட்டினேன்.

உம்முசல்மா என் கையை விடவேயில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம்.

8 பிப்ரவரி, சனி

கேட்டேன். இவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடக் கொஞ்ச நேரம் நம்பியிருப்பேன்.

"அண்ணன் ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு, அப்பாவுக்கு நான் பண்றேன்னு. கையில இருந்த பணம் எதோ எடத்துல போய் மாட்டிக்கிச்சி. உன் பொண்டாட்டி கார்டுல முடிச்சிடுடா, வெளிய தெரிய வேணாம், என் மானம் பூடும்னாரு. நான் இன்னா பண்ணட்டும்?"

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா அண்ணன் பேரு கெடும்னு நெனச்சேன். ஏப்ரல் வந்தா மறுபடியும் ஃபுல்லா வந்துடும், உனக்கு எதுக்கு தெரியணும்னு... உன் வேலை போவும்னு நான் கண்டேனா?"

கேட்டிருந்தால் நானே கூடப் போய் நின்று கையெழுத்துப் போட்டிருப்பேன். அவருக்கு அது தெரியும். அதுதான் எனக்கு ஆறவில்லை.

சரி, ஆகஸ்ட்டு போவட்டும். டிசம்பர்ல டாக்டர் எடுத்துடணும்னு சொன்னப்ப? தினம் நான் போர்வைய அலசிக்கினு இருந்தத பாத்தாரே. தை பொறக்கட்டும்னாரே. பால்ல மருந்து கலக்கிக் குடுத்தாரே – எதுக்கு? கார்டு காலின்னு சொல்ற நாள கொஞ்சம் தள்ளிப் போடறதுக்கா? பணம் கட்டித் தொடரலாம்னு சொன்னப்ப தண்டம்னாரே. எழுதிக் குடுத்தா பழைய கணக்க கேப்பாங்க, மாட்டிக்குவோம்னுதானே?

இதையெல்லாம் கேட்டேன். "எங்கப்பாவுக்குத்தான செஞ்சேன், எவளுக்கோ குடுத்துட்ட மாதிரி பேசற" என்றார்.

மகள் அபிநயா அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். இத்தனை நாள் அப்பா செல்லம். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

10 பிப்ரவரி, திங்கள்

மூத்தார் வந்தார். உட்காரவில்லை.

"நடந்தது நடந்துபோச்சி வேணி. இத வெளிய எடுத்துக்கினு போனா அப்பா உசுர வுட்டுடுவாரு. அவருக்கு ஒண்ணும் தெரியாது. ஜி.எச்.ல நமக்கு வேண்டியவங்க இருக்குறாங்க, நல்ல பெட்டா பாத்து போடச் சொல்றேன்."

"வேணாம் மாமா. நானே போய்க்கறேன்" என்றேன்.

அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கல்யாணமாகி வந்து இத்தனை வருடத்தில் இதுதான் முதல் முறை.

ஆனால் மாமனாரிடம் சொல்லப்போவதில்லை. என்னைப் பேர் சொல்லிக்கூட அதட்டாத மனிதர். இந்தக் குடும்பத்தில் அவர் ஒருவராவது சுத்தமாக இருக்கட்டும். அவர் நடக்கிற ஒவ்வொரு அடியிலும் இந்த அசிங்கத்தை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

13 பிப்ரவரி, வியாழன்

ஜி.எச்.சில் சேர்ந்துவிட்டேன். முதலில் ரத்தம் ஏற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் ஆபரேஷன். டாக்டர் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நாள் வூட்ல இன்னாமா பண்ணிக்கினு இருந்த?" என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். ஆனால் இரண்டு மாதத்தில் என்னைப் பற்றி யாரும் இப்படிக் கோபப்படவில்லை. அப்போதுதான் அழுதேன்.

22 பிப்ரவரி, சனி

பெண்கள் வார்டுக்குள் ஆண்களைச் சாயந்திரம்தான் விடுவார்கள். இவர் தினமும் கடைக்குப் போகுமுன் வந்து கீழே நிற்கிறாராம். இன்று உம்முசல்மாவிடம் இளநீர் கொடுத்தனுப்பினார். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குக் கொடுத்தேன். "உனக்கு வேணாமாமா?" என்றாள். "எனக்கு சேராது" என்றேன்.

3 மார்ச், திங்கள்

ஆபரேஷன் வெள்ளிக்கிழமை முடிந்தது. இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. வலி இருக்கிறது, ஆனால் உள்ளே ஒரு பாரம் இறங்கிவிட்டது. நர்ஸ்கள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். பகலில் உம்முசல்மா, ராத்திரி அபிநயா.

உம்முசல்மாவுக்கு நோன்பு. நாளெல்லாம் வாயில் தண்ணீர் படாமல் எனக்குக் கஞ்சி ஊட்டிவிடுகிறாள். "வூட்டுக்குப் போ சல்மா" என்றால், "அங்க போனா சமைக்கணும், இங்கதான் ரெஸ்ட்டு" என்கிறாள். நோன்பு திறக்கிற நேரத்தில் அவள் தம்பி அக்பர் பள்ளிவாசல் கஞ்சியைத் தூக்குவாளியில் கொண்டுவந்தான். வார்டில் பாதிப் பேர் குடித்தோம். எனக்குக் கல்யாணத்தால் வந்த உறவு எதுவும் இந்த வார்டுக்குள் இல்லை.

6 மார்ச், வியாழன்

அப்படி எழுதி மூன்று நாள்தான் ஆகிறது. இன்று சாயந்திரம் மாமனார் வந்தார்.

தாமலில் இருந்து தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறார். வார்டின் அந்தக் கோடியில் இருந்து கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு நடந்து வந்தார். நன்றாக நடக்கிறார். எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. "மாடியெல்லாம் ஏறி எதுக்கு வந்தீங்க மாமா?" என்றேன். ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தன் முட்டியையே தடவிக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரியில ஒவ்வொரு தபாவும் ஒம் பேர சொல்லித்தாம்மா என்னை கூப்ட்டாங்க. கிருஷ்ணவேணி கார்டு, கிருஷ்ணவேணி கார்டுன்னு."

எனக்குப் புரியவில்லை. புரியாத மாதிரி இருந்தேன்.

"பெரியவன கேட்டேன். வேணிதான் குடுத்துது, அதுக்கு வெளிய தெரிய வேணாமாம்னான். நானும் நம்பிக்கினேன். அன்னிக்கு பந்தல்ல நீ அவன கையெடுத்து கும்ட்ட பாரு, எல்லாம் நீங்கதான்னு. அப்ப வெளங்கிடிச்சி, உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே மாமா."

"மால போட்டுக்கினு ஒக்காந்திருந்தேனேமா. அத்தனை பேரு. எப்டி சொல்லுவேன்?"

அக்டோபரில் இருந்து மாமனாருக்கும் தெரியும். பொங்கலுக்கு என் கையால் சாப்பிட்டார். உடம்பு ஏன்மா வெளுத்துப்போச்சி என்று கேட்டார். எல்லாம் தெரிந்துதான் கேட்டிருக்கிறார். யாருக்குத் தெரியக் கூடாது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேனோ அவருக்கு.

போகும்போது, "பங்குனி உத்திரத்துக்கு ஊரே கூடும். அங்க வச்சி நானே சொல்றேன். என் மருமவ பணத்துலதான் நடக்கறேன்னு சொல்றேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

19 மார்ச், புதன்

வீட்டுக்கு வந்து ஒரு வாரம். டெஸ்ட் ரிப்போர்ட் வந்துவிட்டது. கெட்ட கட்டி இல்லை. அபிநயா ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினாள். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார், பிறகு கொல்லைப் பக்கம் போய்விட்டார். அழுதார் போலிருக்கிறது. நான் எழுந்து போகவில்லை. எழுந்து போகிற உடம்பும் இல்லை.

31 மார்ச், திங்கள்

இன்றோடு கார்டு செல்லாது. எனக்கு அது ஆகஸ்டிலேயே செல்லாமல் போய்விட்டது.

12 ஏப்ரல், சனி

நான் தாமலுக்குப் போகவில்லை. அபிநயாதான் உத்திரத்துக்குப் போனாள். அவளாகவே கேட்டுப் போனாள், தாத்தா சொல்லப்போகிறார் என்று. இன்று மத்தியானம் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

"ஒண்ணும் சொல்லலமா" என்றாள். "பெரியப்பா பக்கத்துலயே ஒக்காந்திருந்தாரு. எல்லாரும் தாத்தா கால தொட்டுத் தொட்டு பாத்தாங்க. எவ்ளோ செலவாச்சின்னு ஒருத்தர் கேட்டாரு. தாத்தா சிரிச்சாரு. அவ்ளோதான்."

"உன்கிட்ட எதாச்சும் சொன்னாரா?"

"கெளம்பறப்போ அம்மா எப்டி இருக்குதுன்னு கேட்டாரு. நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

14 ஜூலை, திங்கள்

பஸ் ஸ்டாண்டு அருகே மூத்தார் பிறந்தநாளுக்கு பேனர் வைத்திருக்கிறார்கள். கட்சித் தலைவர்கள் படத்துக்குக் கீழே மூத்தார், வெள்ளைச் சட்டையில், அப்பாவைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போகிற மாதிரி. மாமனார் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். பஸ் வருகிற வரை அதற்கு எதிரில்தான் நிற்க வேண்டியிருந்தது. பக்கத்தில் ஒரு அம்மா தன் மகனிடம், "பாத்துக்கோ, புள்ளன்னா இப்டி இருக்கணும்" என்றாள்.

1 செப்டம்பர், திங்கள்

வாலாஜாபாத் ரோட்டில் ஒரு கம்பெனி. ஆஸ்பத்திரிகளுக்கு டியூப் செய்கிறார்கள். என் பழைய அனுபவத்தைப் பார்த்து இன்ஸ்பெக்‌ஷனிலேயே எடுத்துக்கொண்டார்கள். உம்முசல்மாவுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

காலையில் இவர் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தார். ஆபரேஷன் முடிந்து வந்ததில் இருந்து சமையல் இவர்தான். லெமன் சாதம் நன்றாகவே செய்கிறார். வாங்கிக்கொண்டேன். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, வந்துவிட்டாயா – இப்படித்தான் பேசிக்கொள்கிறோம். அண்ணன் வீட்டுக்குப் போவதில்லை என்கிறார். போகிறாரா என்று நான் விசாரிப்பதில்லை. என் போனை மட்டும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன்.

ஆபீஸில் தேவிப்ரியா என்று ஒரு பெண் சேர்க்கை விவரமெல்லாம் எழுதிக்கொண்டாள். எங்கள் அபிநயா வயதுதான் இருக்கும். கடைசியில் இன்சூரன்ஸ் வந்தது.

"இதுல ஃபேமிலிய சேக்கலாம் மேம். பேரண்ட்ஸ் இல்லன்னா இன்லாஸ், எதனா ஒரு சைடு. யார் யார போடட்டும்?"

"எம் பொண்ணு. தென்னேரியில எங்கம்மா இருக்குறாங்க, அவங்க."

எழுதினாள். "ஹஸ்பண்ட் பேரு மேம்?"

"வேணாமா."

"இருக்குறாரு இல்ல மேம்? அவருக்கும் சேத்துதான் வரும், எக்ஸ்ட்ரா எதுவும் புடிக்க மாட்டாங்க."

"அவருக்கு அவங்க அண்ணன் இருக்குறாரு" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, என் ரத்த வகை என்ன என்று கேட்டாள்.